சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டில் யாரையும் திட்டாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம், பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். என் மனைவிக்கு அறந்தாங்கியில் ரத்தப் பரிசோதனை செய்தோம். அவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம், எனக்கு ஏழு வருடம். மூன்று மாத சராசரி என்று நாம் சொல்கிற ஹெச்பிஏ1சி அவருக்கு எப்போதும் 6.8 அல்லது 7 என்றுதான் வரும். இந்த முறை 7.9.

ரிப்போர்ட்டைப் பையில் வைக்கக்கூட இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"பொங்கலுக்கு எவ்வளவு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டே? உண்மையைச் சொல்லு."

"ரெண்டு ஸ்பூன்ங்க. நீங்கதானே வச்சீங்க."

"அப்ப இது எப்படி ஏறுச்சு? எனக்குத் தெரியாம என்னமோ நடக்குது வீட்ல."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையார்கோவில் வந்து இறங்கும் வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தபோது சொன்னார்: "மாத்திரை கொடுங்க, போட்டுக்கிறேன். ஆனா இனிமே எனக்கு டெஸ்ட் வேண்டாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கியது. சர்க்கரை நோயாளி ஒருவர் டெஸ்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்தால் அப்புறம் கண்ணோ காலோ சிறுநீரகமோ போகும்போதுதான் நமக்குத் தெரியவரும். அந்த முடிவுக்கு அவரைத் தள்ளியது நான்.

முப்பத்து நாலு வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். கணக்கில் எப்போதும் முப்பது, முப்பத்தைந்து வாங்குகிற பையன் ஒருவன் ஒரு தடவை எண்பத்தைந்து வாங்கினான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாய் என்று சொல்லி வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன். பையன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாக்பீஸைக் கையில் கொடுத்து அதே மாதிரிக் கணக்கைப் போடச் சொன்னேன். கடகடவென்று போட்டான். லீவில் தாய்மாமன் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் அது மறந்துபோயிற்று.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அவர் பார்த்து நோட்டில் எழுதி வைப்பார். அன்றைக்குத்தான் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 115, 122, 128. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 150, 165. ஹெச்பிஏ1சி 7.9 என்றால் சராசரி 180 பக்கம் இருக்க வேண்டும். நோட்டில் ஒரு நாள்கூட 180 இல்லை. இரண்டில் ஏதோ ஒன்று முழுக்கதையைச் சொல்லவில்லை என்பது அந்த நோட்டிலேயே இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வழியாகச் சமாதானம் செய்து மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரிப்போர்ட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார். "வீட்ல பாக்குற அளவு எப்படிம்மா இருக்கு? உடம்பு அசதியா இருக்கா?"

"கோயில்ல ஒரு பிரகாரம் சுத்தினா மூச்சு வாங்குது டாக்டர். வயசாயிருச்சுன்னு நினைச்சேன்."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னார். 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அடுத்த டெஸ்ட்டில் இரும்புச்சத்துக் குறைவு என்று உறுதியானது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுவுக்கு ஏறக்குறைய 120 நாள் ஆயுள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை, அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. நூற்றில் எத்தனை பங்கு ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஹெச்பிஏ1சி. இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தால், உண்மையான சர்க்கரையைவிட இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டலாம். இதற்கு நேர்மாறாக, சமீபத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ குறைவாகக் காட்டலாம். பரிசோதனை நிலையம் தப்பாக அளக்கவில்லை. அளந்தது சரி. நான் அதற்கு எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் தப்பு.

சர்க்கரை மாத்திரையில் மருத்துவர் கை வைக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இந்த வயதில் ரத்தசோகை வந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தக்கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அதற்கான பரிசோதனைகளும் செய்தார். ஆத்மநாதர் புண்ணியத்தில் கெடுதலாக ஒன்றும் இல்லை. நாலு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.8. ஹெச்பிஏ1சி 7.0.

ரத்தசோகை எப்படி வந்தது என்று கேட்டால் அதிலும் என் பங்கு இருக்கிறது. சர்க்கரைக்குப் பயந்து அவருடைய தட்டை நான் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். சாப்பிட்ட கையோடு சர்க்கரை இல்லாத டீ. அந்த டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கோயிலில் சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும்தான் நைவேத்தியம். "சாமியே சுகர் பத்தியத்துலதான் இருக்காரு" என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் நான் பாகற்காயை மட்டும் பிடித்துக்கொண்டேன், கீரையை விட்டுவிட்டேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, டெஸ்ட்டில் எதிர்பாராத எண் வந்தால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். பெரும்பாலானவை நம் எல்லார் வீட்டிலும் நடப்பவை.

முதலில் என் கதை. வைகாசியில் வடகாட்டிலிருந்து ஒரு பலாப்பழம் வந்தது. நான்தான் அறுத்துச் சுளை எடுத்தேன். ஒரு சுளைகூட வாயில் போடவில்லை, சத்தியம். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சுகர் பார்த்தேன். 312! தலை சுற்றிவிட்டது. மனைவி சிரித்துக்கொண்டே, "போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 158. விரலில் ஒட்டிய பழச்சாற்றின் சர்க்கரையையும் சேர்த்து மீட்டர் அளந்திருக்கிறது. இனிப்பைத் தொட்ட கை என்றால் ஸ்பிரிட் பஞ்சால் லேசாகத் துடைப்பது மட்டும் போதாது. தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும்.

அடுத்தது, நிறையப் பேரை வதைக்கிற கேள்வி. "ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். படுக்கும்போது 132. காலையில வெறும் வயித்துல 168. நடுவுல எதுவுமே சாப்பிடலையே, எப்படி ஏறும்?" நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. சேமித்து வைத்த சர்க்கரையை இரவெல்லாம் ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் நம்மை எழுப்புவதற்காகச் சுரக்கிற ஹார்மோன்கள் அதை இன்னும் கூட்டுகின்றன. சர்க்கரை இல்லாதவருக்கு உடனே இன்சுலின் சுரந்து சரிசெய்துவிடும், நமக்கு அது போதவில்லை. இது தெரியாமல் இட்லியையும் நிறுத்திவிட்டுப் பட்டினியாகப் படுப்பவர்களை எனக்குத் தெரியும். இரவில் இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. காலை அளவு தொடர்ந்து கூடுதலாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் நடுராத்திரி மூன்று மணிக்குப் பார்த்து எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதை வைத்து அவர் முடிவு செய்வார்.

மூன்றாவது, மீட்டர். அதற்கான சர்வதேசத் தரக்கட்டுப்பாடே, 100க்கு மேற்பட்ட அளவில் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம் என்று அனுமதிக்கிறது. உண்மையில் 200 இருந்தால் நல்ல மீட்டரே 170 முதல் 230 வரை எதை வேண்டுமானாலும் காட்டலாம். நேற்று 180, இன்று 195 என்று பதறுவதில் அர்த்தமே இல்லை. அடுத்தடுத்து இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு மீட்டர் ரிப்பேர் என்று தூக்கிப் போடுவதும் அப்படித்தான்.

ஸ்ட்ரிப்பையும் பாருங்கள். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரத்தில் டப்பா கிடந்தால், மூடி சரியாக மூடாமல் இருந்தால், தேதி முடிந்திருந்தால் அது காட்டுகிற எண்ணை நம்ப முடியாது.

நாலாவது, நேரம். இரண்டு மணி நேரம் என்பது கை கழுவி எழுந்ததிலிருந்து கிடையாது. முதல் கவளம் வாய்க்குள் போன நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கல்யாண வீட்டில் பேசிப் பேசி முக்கால் மணி நேரம் சாப்பிடுகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஐந்தாவது, உடம்பு. காய்ச்சல், பல்லில் சீழ், ஆறாத புண், சிறுநீர்த் தொற்று எதுவாக இருந்தாலும் சாப்பாடு மாறாமலே சர்க்கரை ஏறும். திருவாதிரைத் திருவிழா நாட்களில் நாலு ராத்திரி சரியாகத் தூங்காவிட்டாலும் ஏறலாம். மூட்டு வலிக்கு ஊசி, மூச்சிரைப்புக்கு மாத்திரை என்று ஸ்டீராய்டு மருந்து போட்டால் பல நாளைக்கு ஏறியே இருக்கும். அந்த மருந்து தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். சர்க்கரை இருப்பதை மட்டும் அந்த மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எண் குறைவாக வந்தாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆனால் நாம் கேட்பதில்லை. எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் அப்படியே வைத்திருந்தால், அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சுகர் டெஸ்ட்டுக்கு புளோரைடு கலந்த, பெரும்பாலும் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்கள். ஒரு முகாமில் 92 வந்தது என்று எனக்கு வேண்டியவர் ஒருவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்துக் காலில் கொப்புளம் ஆறவில்லை என்று போய்ப் பார்த்தால் 340. நல்ல எண் வந்தால் பாயசம், கெட்ட எண் வந்தால் பட்டினி. இரண்டும் ஒரே தப்புதான்.

இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியர். கல்யாண விருந்துக்கு மறுநாள் 286 வந்ததும் பயந்துபோய், தானாகவே மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டார். விடிகாலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. பக்கவாதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே பார்த்தபோது சர்க்கரை 41. உயிர் பிழைத்தார். 286 அவரை ஒரே ராத்திரியில் கொன்றிருக்காது. அதைப் பார்த்துப் பயந்து அவர் செய்த காரியம் கொன்றிருக்கும்.

எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நினைவோடு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சொன்னதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். "மீட்டர் தப்பு, வாத்தியாரே எழுதியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டு ஜிலேபியை எடுக்காதீர்கள். கழுவிய கையோடு, சரியான நேரத்தில், நாலைந்து நாள் பார்த்தும் அதிகமாகவே வந்தால் அது உண்மைதான். மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியாமல் எடை குறைந்துகொண்டே போனாலும் பாருங்கள். 300க்கு மேல் இருந்து கூடவே வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம் இருந்தால் நாலு நாள் பொறுக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் மீட்டர் ஏது? பெனடிக்ட் கரைசல் என்று நீலத் தண்ணீர் ஒரு பாட்டிலில் இருக்கும். அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போகச் சர்க்கரை கூடுதல். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோதும் இந்த முறைதான் இருந்தது. நிறத்தைப் பார்த்து யாரும் துல்லியமாக எதையும் சொல்ல முடியாது. அதனால், "இன்னைக்குக் கொஞ்சம் பச்சையா இருக்கு, என்னப்பா சாப்பிட்டீங்க, தூங்கினீங்களா?" என்று கேள்வியாகத்தான் பேச்சு ஆரம்பிக்கும். இப்போது மீட்டர் மூன்று இலக்கத்தில் எண்ணைக் காட்டியதும் கேள்வி போய்விட்டது. நேரே தீர்ப்புத்தான்.

அன்றைய முறையே தேவலை என்று நான் சொல்லவில்லை. இன்றைய மீட்டர் பெரிய வரம். ஆனால் அது தருகிற எண்ணை நாம் பரீட்சை மார்க் மாதிரி பார்க்கிறோம். அதனால்தான் டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல மார்க் வாங்கப் பார்க்கிறோம். மார்க் குறைந்த பையன் ரேங்க் கார்டை அப்பாவிடம் காட்டாமல் மறைக்கிற மாதிரி ரிப்போர்ட்டை மறைக்கிறோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். இதில் பாதிப் பேர் வீட்டில் திட்டு வாங்குவதற்குப் பயந்து டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து இரண்டுதான்.

ஒன்று, எண்ணை மட்டும் தனியாக எழுதாதீர்கள். எங்கள் வீட்டு நோட்டில் இப்போது ஐந்து கட்டம் போட்டிருக்கிறோம். பார்த்த நேரம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது. மாத்திரை போட்டாச்சா. உடம்பு எப்படி, தூக்கம் எப்படி. ஐந்தாவது கட்டத்தில்தான் எண். மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். அந்தச் சகோதரிகளுக்கும் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: எண்ணுக்குப் பக்கத்தில் "சாப்பிட்டு எவ்வளவு நேரம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி இல்லாத எண் பாதி எண்தான்.

இரண்டு, வீட்டில் இருப்பவர்கள் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். "என்ன தின்னே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். நான் அன்றைக்கு பஸ்ஸில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், மூச்சு வாங்குவதை அவர் அங்கேயே சொல்லியிருப்பார்.

போன வாரம் எனக்கு டெஸ்ட். வெறும் வயிற்றில் 174. வழக்கத்தைவிடக் கூடுதல். ரிப்போர்ட்டை மனைவி வாங்கிப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். பஸ் விஷயத்தை அவர் மறந்திருக்க மாட்டார்.

"ரெண்டு நாளா இருமிக்கிட்டே இருக்கீங்களே, ராத்திரி தூங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார். நோட்டை எடுத்து, நாலாவது கட்டத்தில் இருமல் என்று எழுதிவிட்டு, அப்புறம் எண்ணை எழுதினார்.

நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் வீட்டிலும் இப்படி எதிர்பாராத எண் வந்து, பிறகு காரணம் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள். இன்னொரு வீட்டில் ஒரு சண்டை குறையும்.